வேலிப் பொட்டு வழியே போன பால்

அந்தக் காலத்துப் பால் என்று தொடங்கிவிட்டால் உங்களில் ஒருவரும் நிறுத்துவதில்லை. காய்ச்சி ஆற வைத்தால் போர்வை போல ஆடை படியுமாம். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டார்களாம். மாடுகள் புல்லையும் பிண்ணாக்கையும் தவிர வேறொன்றையும் கண்டறியாதாம். கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்கள் கதைக்கிற கதை இதுதான். நானும் இவ்வளவு காலமும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். இனி ஆட்டப்போவதில்லை, கழுத்தும் நோகிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து உலகச் சண்டையின்போது எங்கள் வீட்டுப் பாலில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளியுங்கள்.

எங்கள் வீடு மானிப்பாய்ப் பக்கம். சைவ வீடு. என் தகப்பன், நாங்கள் ஐயா என்போம், தீட்சை கேட்டவர். மீனோ இறைச்சியோ, மச்சம் என்ற சொல்லைக்கூட வளவுக்குள் சொல்ல விடமாட்டார். ஒழுங்கையில் மயிலிட்டி மீன்காரி கூவிக்கொண்டு போனால், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிற ஐயா தேவாரத்தை உரக்கப் பாடத் தொடங்குவார். அவள் ஒழுங்கை முடக்கால் திரும்பிய பிறகுதான் குரல் இறங்கும். மீன்காரிக்கும் அது தெரியும். வேண்டுமென்றே எங்கள் படலையடியில் கடகத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவாள்.

பக்கத்து வளவு மாமி வீட்டில் மச்சம் புழங்கும். அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே கிளுவைக் கதிகால் நட்டு ஓலை வரிந்த வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போகலாம். உப்பு, நெருப்பு, கறிவேப்பிலை, ஊர்ப்புதினம் எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வந்தன. படலையால் வருகிறவர்கள் விருந்தாளிகள். பொட்டால் வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

எங்களிடம் ஒரு சிவத்தப் பசு நின்றது. சிவப்பி என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்கு ஒரு செம்பு பால் எங்கள் வீட்டிலிருந்து போகவேண்டும். ஐயாவின் தகப்பன் காலத்திலிருந்தே அப்படி. அடியில் நெளிந்த ஒரு வெண்கலச் செம்பு அதற்கென்றே உறியில் தொங்கும். மற்ற நாட்களில் அதைத் தொட்டால் அடி விழும். இப்போது அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

தம்பி பிறந்தது அந்தச் சண்டைக் காலத்தில்தான். பிறந்த கையோடு அம்மாவுக்குச் சன்னி கண்டது. பரியாரியார் குளிசை அரைத்துக் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்தார், ஆனால் பால் வற்றிவிட்டது. அம்மாவைப் பார்க்க நெல்லியடியிலிருந்து அவளுடைய தங்கை வந்தாள். எனக்குக் குஞ்சியம்மா. கலியாணம் ஆகாதவள். அவிழ்த்து விட்டால் முழங்காலைத் தொடுகிற கூந்தல், ஓயாத கை. அடுப்பு, மாடு, தம்பி, நான் எல்லாரும் அவள் பொறுப்பானோம். மடியில் தம்பியைப் போட்டுச் சங்கால் பால் பருக்கும்போது அவனுடைய தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் விழுங்கினால் இவளும் விழுங்குவாள்.

தம்பிக்கு இருந்தது சிவப்பியின் பால் ஒன்றுதான். டின் பால் கடைகளில் கண்ணிலும் இல்லை. ஆனால் சிவப்பிக்கு வைக்கத் தீன் இல்லை. தெற்கிலிருந்து ரயிலில் வருகிற தேங்காய்ப் பிண்ணாக்கு நின்றுபோனது. ரயிலில் பட்டாளத்துச் சாமான் ஏறியது. ஊர்ச் செக்கில் விழுகிற எள்ளுப் பிண்ணாக்கைச் சனமே பனங்கட்டியோடு கடித்துத் தின்றது. மாட்டுக்கு மிஞ்சியது வைக்கோலும், கிழித்துப் போட்ட பனையோலையும், பூவரசங்குழையும். பால் கறக்கிற சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிடும். முன்பெல்லாம் செம்பின் அடியில் இரண்டொரு தரம் கிண்ணென்று கேட்கும், பிறகு நுரைக்குள் சத்தம் அமுங்கிவிடும். அந்த ஆடியில் கடைசிவரைக்கும் கிண் கிண் என்றே கேட்டது.

அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமைப் பாலை ஐயா விடவில்லை. “பிள்ளையாருக்குப் போகத்தான் பிள்ளைக்கு,” என்றார். வெள்ளிக்கிழமைகளில் தம்பிக்குக் கஞ்சித் தெளிவுதான். சனிக்கிழமை விடியும்போது அவனுடைய அழுகை பூனைக்குட்டியின் சத்தம்போல் இருக்கும். ஐயா கல்நெஞ்சர் என்று நினைக்காதீர்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு கோயில் பக்கம் பார்த்துத் தோப்புக்கரணம் போடுவார். முழங்கால் நோகும்வரை போடுவார். பிள்ளையாரைக் கைவிட்டால் பிள்ளையைப் பிள்ளையார் கைவிட்டுவிடுவார் என்று மெய்யாகவே நம்பினார்.

ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கியது. அந்த மணம் உங்களுக்குத் தெரியும். வளவு முழுக்க, தலைமயிர், உடுப்பு, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் பனம்பழம் மணக்கும். ஒருநாள் காலை பொட்டு வழியாக மாமியின் கை நீண்டது. கையில் ஓலைப்பட்டை, பட்டைக்குள் மஞ்சள் களி பூசின பெரிய உருண்டைகள். குஞ்சியம்மா சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள்.

“என்ன குஞ்சியம்மா உது?”

“மாட்டு மருந்து.”

“பனம்பழம் மணக்குது.”

“ஓம், பனங்களிதான். நீ போய்க் கண்டுக்குட்டியைப் பிடி.”

சிவப்பி முதலில் மூச்சைச் சீறிக்கொண்டு தலையைத் திருப்பியது. குஞ்சியம்மா அதன் நெற்றியைச் சொறிந்து, “தின்னடி அம்மா, எங்கடை பிள்ளைக்காகத் தின்,” என்று கெஞ்சினாள். மாட்டிடம் கெஞ்சுகிற மனிசியை அன்றுதான் கண்டேன். சிவப்பி நாக்கை நீட்டி ஒருதரம் நக்கியது. பிறகு முழு உருண்டையும் வாய்க்குள் போனது. அடுத்த நாட்களில் பொட்டடியில் காலடிச் சத்தம் கேட்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டது. காகங்களும் எங்கிருந்தோ வந்து கொட்டில் முகட்டில் குந்தின. நான் பனம்பழத்துக்கு வருகிற காகம் என்று நினைத்தேன். காகம் எப்போது பனம்பழத்துக்கு அலைந்தது என்று கேட்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.

பால் ஏறியது. சத்தம் நுரைக்குள் அமுங்கியது. தம்பியின் கன்னம் உருண்டு, தொடையில் மடிப்பு விழுந்தது. ஐயாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒழுங்கையால் போகிறவர்களைக் கூப்பிட்டு, “பாத்தியளே? பிண்ணாக்கு இல்லாமலே பிள்ளையார் கறக்கிறார்,” என்பார். தோப்புக்கரணத்தின் பலன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. பாலில் தேத்தண்ணி போடச் சொல்லிக் குடித்தார், அம்மாவுக்கும் கொடுக்கச் சொன்னார். குஞ்சியம்மா மட்டும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்தாள். பிள்ளைக்கு மிச்சம் பிடிக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் விடியவே முழுகி, ஈரக் கூந்தலோடு குஞ்சியம்மா பால் கறப்பாள். கறந்த கையோடு என்னைச் செவ்வரத்தம்பூ ஆயச் சொல்லி முன்வளவுக்கு அனுப்பிவிடுவாள். நான் பூவோடு வரும்போது கோயில் செம்பு வாழையிலையால் மூடித் தயாராக இருக்கும். ஐயா தூக்கிக்கொண்டு போவார்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஐயா வழமையை விட முந்தி எழும்பிவிட்டார். பின்வளவில் அவருடைய குரல் கேட்டு நான் பூக்கூடையோடு ஓடினேன். வேலிப் பொட்டடியில் குஞ்சியம்மா நின்றாள். வேலிக்கு அங்கால் மாமி. மாமியின் கையில் எங்கள் பால், நுரை ததும்பிக்கொண்டு இருந்தது. குஞ்சியம்மாவின் கையில் கோயில் செம்பு. அதற்குள் நீலம் பாய்ந்த மெல்லிய பால். மாமியின் மெலிந்த மாட்டின் பால் அது.

“என்ன பிள்ளை உது?” என்றார் ஐயா.

குஞ்சியம்மா செம்பின் வாயைக் கையால் மூடினாள்.

“எங்கடை நல்ல பாலை அங்காலை குடுத்துப்போட்டு, பிள்ளையாருக்கு இந்தத் தண்ணியோ வைக்கிறனீ? எவ்வளவு நாளாய் விக்கிறாய்?”

“விக்கேல்லை அத்தான்.”

“அப்ப ஏன் மாத்திறாய்? சொல்லன்!”

குஞ்சியம்மா வாயைத் திறந்தாள். அந்த நேரம் உள்ளே தம்பி எழும்பிச் சிணுங்கினான். அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். வேலிக்கு அங்கால் மாமி, “அண்ணை, ஒருக்காக் கேளுங்கோ,” என்று தொடங்க, குஞ்சியம்மா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று நான் பார்த்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக ஆட்டினாள்.

“கோயில் பாலைக் களவெடுக்கிறவள் இந்த வளவுக்கை இருக்கேலாது,” என்றார் ஐயா. “உன்ரை அண்ணை வீட்டை போ.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அழுதாள். ஆனால் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. குஞ்சியம்மா தன்னுடைய ஓலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கொட்டிலுக்குப் போய் மிஞ்சியிருந்த உருண்டைகளையெல்லாம் சிவப்பிக்கு வைத்தாள். தம்பியைத் தூக்கவில்லை. தூக்கினால் இறக்கிவிட மாட்டாள் என்று இப்போது விளங்குகிறது. மத்தியானத்துக்கு முன் நெல்லியடிக்குப் போய்விட்டாள். அன்று பின்னேரமே ஐயா புதுக் கதிகால் நட்டு, ஓலை வைத்து, பொட்டை இறுக்கி வரிந்து அடைத்தார்.

மறு வெள்ளிக்கிழமை சிவப்பியின் சொந்தப் பாலைத்தான் ஐயா கோயிலுக்குக் கொண்டுபோனார். இதுவரை நடந்த களவு நின்றது என்ற திருப்தி அவர் நடையிலேயே தெரிந்தது.

ஆனால் பால் இறங்கத் தொடங்கியது. முதலில் நுரை போனது. பிறகு செம்பு மறுபடியும் கிண் கிண் என்றது. மாடு கை மாறினால் அப்படித்தான் என்றார் ஐயா. குழை மாற்றிப் பார்த்தார், தவிடு கடன் வாங்கி வைத்துப் பார்த்தார், தோப்புக்கரணத்தைக் கூட்டினார். சிவப்பி அடைத்த பொட்டைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. தம்பியின் தொடை மடிப்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. அழுகை மறுபடியும் பூனைக்குட்டியின் சத்தமாகி, ஒரு நாள் அந்தச் சத்தமும் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. பரியாரியார் வந்து நாடி பார்த்துவிட்டு, “இதுக்கு மருந்து பால்தான், வேறை என்னத்தைத் தாறது?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் மாமி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் படலையால் வந்து நான் கண்டதேயில்லை. தலையில் ஓலைப்பட்டை. முற்றத்தில் இறக்கி வைத்தாள்.

“நீங்கள் பொட்டை அடைச்சுப்போட்டியள், அதுதான் படலையாலை வந்தனான், அண்ணை. இதைக் கொண்டுபோய் மாட்டுக்கு வையுங்கோ. பிள்ளைக்கு இவ்வளவு நாளும் பால் தந்தது இதுதான்.”

“பனங்களியோ?”

“வெளியிலைதான் பனங்களி. உள்ளுக்கை தவிடும், காய வைச்சு இடிச்ச முருங்கையிலையும். அதோடை மயிலிட்டிச் சூடைக் கருவாடு. தலையும் செதிலும், விலைப்படாத துண்டுகள். உப்புப் போக ஊறப்போட்டு, வறுத்து, என்ரை உரலிலைதான் இடிச்சது. மயிலிட்டியிலை மாடு கரையிலை கிடக்கிற மீன்தலையைத் திண்டுதான் பால் கறக்குதாம் எண்டு மீன்காரி சொன்னவள். அதைக் கேட்டுத்தான் உங்கடை மச்சாள் துணிஞ்சவள். உங்கடை வளவுக்கை ஒரு செதிலும் அவள் தனியாய்க் கொண்டரேல்லை.”

ஐயா கொட்டில் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டார். பால் ஏறியிருந்த நாளெல்லாம் அவரும் அந்தப் பாலில்தான் தேத்தண்ணி குடித்திருந்தார். ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

“அப்ப... பிள்ளையாருக்கு?”

“பிள்ளையாருக்கு என்ரை மாட்டின்ரை பால். ஒரு மாட்டின்ரை மடியெண்டாலும் சுத்தமாய் இருக்கவேணும் அக்கா எண்டு அவள் என்னட்டைக் கெஞ்சினவள். அதுக்காக என்ரை மாட்டுக்கு ஒரு துண்டு நான் வைக்கேல்லை. வெள்ளிக்கிழமை என்ரை அடுப்பிலையும் மச்சம் ஏறாது. முழுகிப்போட்டுத்தான் கறந்து குடுத்தனான். உங்களுக்குத் தண்ணியாய்த் தெரிஞ்சது அந்தப் பால்தான்.”

“ஏன் அவள் அண்டைக்குச் சொல்லேல்லை?”

மாமி அவரை நேராகப் பார்த்தாள். “சொன்னால் மாட்டுக்கு வைக்க விட்டிருப்பியளோ?”

ஐயா கிணற்றடிக்குப் போனார். துலாவை இழுத்து, உடுத்த வேட்டியோடு தலையில் தண்ணீர் வார்த்தார். வார்த்துக்கொண்டே இருந்தார். அன்று தேவாரம் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது அம்மா முற்றத்தில் நின்றாள். சன்னி கண்ட பிறகு அவள் தனியாக முற்றத்துக்கு இறங்கியது அன்றுதான். தம்பி இடுப்பில் துவண்டு கிடந்தான். மற்றக் கையால் ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு கொட்டிலடிக்குப் போய், ஐயாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மறிக்கிறதெண்டால் இப்பவே மறியுங்கோ,” என்றாள்.

வேட்டி நுனியால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஐயா நின்றார். மறிக்கவில்லை. சிவப்பி அம்மாவின் கையோடு சேர்த்து நக்கித் தின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை கத்தியோடு ஐயா வேலியடிக்குப் போனதைக் கன்றைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். தான் வரிந்த ஓலையைத் தானே அறுத்தார். பொட்டு வழியாக எங்கள் பாலை நீட்டினார். மாமி தன்னுடைய பாலைக் கோயில் செம்பில் வார்த்துக் கொடுத்தாள். சண்டை முடிந்து பிண்ணாக்கு வரும்வரை அப்படியே நடந்தது. தம்பி பிழைத்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு ஆறாதது. ஐயா நெல்லியடிக்கு ஆள் அனுப்பவில்லை. கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டாய் என்று ஊர் கேட்கும். காரணம் சொன்னால் கோயிலுக்குச் சிவப்பியின் பால் போன அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். குஞ்சியம்மா இருந்தவரை பிள்ளையாருக்குச் சுத்தமான பால்தான் போனது. கருவாட்டுப் பாலைக் கொண்டுபோய் வார்த்தவர் ஐயாதான், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயில் பாலைக் களவெடுத்தவள் என்ற கதை மட்டும் நெல்லியடிக்கும் போய்விட்டது. வந்த சம்பந்தங்கள் படலையோடு திரும்பின. அம்மா போய்க் கூப்பிட்டபோது, “அத்தான் கூப்பிட்டால் வாறன் அக்கா,” என்றாளாம். அம்மா சாகும்வரை அத்தான் கூப்பிடவில்லை. ஐயாவில் எனக்கு அன்பு குறைந்ததில்லை. ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி படித்து, கொழும்பில் உத்தியோகம் கிடைத்துப் புறப்பட இருந்த நேரம் ஐயா திடீரென்று அவனைக் கூப்பிட்டு, “நெல்லியடிக்குப் போய் உன்ரை குஞ்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் வரச்சொன்னதெண்டு சொல்லு,” என்றார். அவள் வந்தாள். அந்தக் கூந்தல் நரைத்து எலுமிச்சங்காய் அளவு கொண்டையாகியிருந்தது. தம்பியின் தோளைத் தடவினாள், கையைத் தடவினாள். நல்லாய் வளர்ந்திட்டாய் என்பதை விட வேறொன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையில் ஒரு சொல்லும் அவனுக்குத் தெரியாது.

ஐயா தானே கொட்டிலுக்குப் போய்க் கறந்து, தானே அடுப்பில் காய்ச்சி, மூக்குப்பேணியில் வார்த்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால் அவளிடம் நீட்டினார். அவர் எங்களில் ஒருவருக்கும் அப்படிச் செய்ததில்லை.

“குடி பிள்ளை.”

குஞ்சியம்மா கையை நீட்டவில்லை. “நான் பால் குடிக்கிறேல்லை அத்தான்.”

“எப்ப தொட்டு?”

“சிவப்பிக்கு முதல் உருண்டை வைச்ச அண்டு தொட்டு.” குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “மாடு வாயில்லாச் சீவன். இவன் பச்சைப் பிள்ளை. பிழை செய்தது நான்தானே. அதுக்கு நான் எதையெண்டாலும் விடத்தானே வேணும்.”

ஐயா பேணியைப் பிடித்தபடி நின்றார். பாலில் ஆடை படியத் தொடங்கியது. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி அவனிடம் கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

அடுத்த நாள் காலை நான் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது பேணியைத் திருப்பித் தந்து, பால் விடாமல் போட்டுவரச் சொன்னார். அதன் பிறகு சாகும்வரை அவர் குடித்தது வெறுந்தேத்தண்ணிதான். லீவில் வந்த தம்பி ஒருதரம் கேட்டான்.

“ஏன் ஐயா, வீட்டிலை இவ்வளவு பால் கிடக்கு?”

“வயித்துக்கு ஒத்துவரேல்லை, தம்பி,” என்றார் ஐயா.